நூல்களில் ஞான ஒளி கிடைக்குமா?

தவக்காலத்து வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த நேரம், அறைவீட்டு விறாந்தையில் ஒரு தச்சர் வந்து நின்றார். அறுபதை அண்டிய வயது. எங்கள் கோவில் வாங்குகளிற் பாதி அவர் கையாற் செய்யப்பட்டவை. அதிகம் பேசாத மனிதர். கையிலே நாட்காட்டித் தாளிற் சுற்றிய ஒரு புத்தகம் இருந்தது.

"சுவாமி, இது உங்கட புத்தகம். முன் ஒற்றையில உங்கட பேர் எழுதிக் கிடக்கு."

சுற்றைப் பிரித்தேன். ஹேர்மன் ஹெஸ்ஸே என்ற ஜேர்மன் எழுத்தாளரின் 'சித்தார்த்தா' நாவல், ஆங்கிலப் பதிப்பு. அவருடைய கடைசி மகனுக்கு நான்தான் அதை இரவல் கொடுத்திருந்தேன். நல்ல நூலொன்றை நல்ல கையிற் சேர்த்தோம் என்ற பெருமையும் அப்போது எனக்கு இருந்தது.

"மோன் போட்டான், சுவாமி. மலைநாட்டுப் பக்கம் தியானம் பண்ணுற இடம் ஒண்டு இருக்காம். தான் ஆரெண்டு தேடப் போறானாம். ஒரு துண்டு எழுதி வைச்சிட்டு விடியமுன்னம் போட்டான். கட்டிலடியில இது கிடந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது. இதுக்குள்ள என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ." சற்று நின்று, "இது கூடாத புத்தகமோ?" என்று கேட்டார்.

கூடாத புத்தகம் அல்ல என்றேன். அது உண்மையான பதில்தான். ஆனால் போதிய பதில் அல்ல என்பது, அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனபின் எனக்கு விளங்கிற்று. அவருடைய சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வாசகர்களுக்கு வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வியோ நம் வீடுகள் பலவற்றுக்கும் உரியது. நம் பிள்ளைகளிற் சிலர் பரீட்சைக்காக அல்லாமல், பொழுதுபோக்குக்காகவும் அல்லாமல், தங்கள் ஆன்மாவுக்கு ஏதோ கிடைக்கும் என்று நம்பி வாசிக்கிறார்கள். அப்படி வாசிப்பவனுக்கு இலக்கியம் ஞான ஒளியைத் தருமா? தருமென்றால், அந்த ஒளியில் அவனுடைய தகப்பனின் முகமும் தெரியுமா?

ஹெஸ்ஸே நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1877இல் தென்ஜேர்மனியிலுள்ள கால்வ் என்ற சிற்றூரில் ஒரு புரட்டஸ்தாந்து மிஷனரிக் குடும்பத்திற் பிறந்தவர். தாயின் தகப்பனார் ஹேர்மன் குண்டர்ட், தென்னிந்தியாவிற் பல்லாண்டு பணியாற்றி மலையாள மொழிக்கு 1872இற் பேரகராதி ஒன்றைத் தந்தவர். மலபாருக்குப் போகுமுன் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்தவர். ஹெஸ்ஸேயின் தாய் பிறந்ததே தலைச்சேரியில். ஆகவே வேதாகமமும் இந்தியாவைப் பற்றிய பேச்சும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வீடு அது. பதினான்காம் வயதிற் பிள்ளையை மவுல்புரோன் என்ற இடத்துக் குருமடத்திற் சேர்த்தார்கள். 1892 மார்ச் மாதத்தில் ஒருநாள் அங்கிருந்து ஓடிவிட்டார். குளிரில் ஓர் இரவை வெளியிலே கழித்தவரை மறுநாள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். (குருமடத்திலிருந்து ஓடியவர்கள்மீது எங்களுக்கு ஒரு பரிவு உண்டு. ஓட நினைத்தும் ஓடாதவர்கள் நாங்கள்.) அதன்பின் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே உண்டான கசப்பு இலேசில் ஆறவில்லை.

1911ஆம் ஆண்டு அவர் இலங்கைக்கும் வந்தார். ஓவிய நண்பர் ஒருவருடன் கப்பலேறி, மலாயா, சுமாத்திரா எல்லாம் பார்த்துக் கண்டியிலும் தங்கினார். மழை, உடல்நலக் குறைவு, தலதா மாளிகையில் அவர் எதிர்பார்த்தது கிட்டவில்லை என்ற சலிப்பு. தாய் பிறந்த மலபார்க் கரைக்குப் போகாமலே திரும்பிவிட்டார். கண்டியின்மேல் எனக்குக் குறையில்லை. அங்கே குருமட மாணவனாய்ப் பல ஆண்டு இருந்தவன் நான். குறை அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் இருந்தது. புத்தகங்களால் வரைந்த ஒரு கீழைத்தேயத்தை மனத்திற் சுமந்து வந்தவருக்கு, முன்னே நின்ற மழையும் சேறும் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் மனிதரும் தடையாகத் தெரிந்தனர். புறப்படுமுன் பீதுருதாலகாலை மலையில் ஏறினார். தொலைந்த சுவர்க்கத்தைத் தேடி இந்தத் திசைக்கு வருகிற மேனாட்டார் அதை இங்கே வந்து எடுத்துக்கொள்ள முடியாது என்ற கருத்துப்பட அப்பயணத்தைப் பற்றிப் பின்னர் எழுதினார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

1916இல் தகப்பனார் இறந்தார். ஹெஸ்ஸேயின் மனம் உடைந்தது, உளமருத்துவரை நாடினார். 1919இல், மனநோயுற்றிருந்த மனைவியைப் பிரிந்து, மூன்று ஆண்பிள்ளைகளும் பிறர் பராமரிப்பில் இருக்க, சுவிற்சர்லாந்தின் தெற்கே மொந்தன்யோலா என்ற கிராமத்திற் தனியே குடியேறினார். அங்கேதான் இந்த நாவல் எழுதப்பட்டது. தகப்பனுடன் மனந்திறந்து வாழாத ஒரு மகன், தன் மக்களோடு வாழ முடியாத ஒரு தகப்பன்: இந்த இரண்டுமானவர்தான் ஞானம் தேடியவனின் கதையை எழுத உட்கார்ந்தார்.

எழுத்து நடுவழியில் நின்றுவிட்டது. நாயகன் தேடி, நோன்பிருந்து, துன்புற்ற பகுதிகள் தடையின்றி வந்தன. அவன் வெற்றிகண்டவனாக, ஒளிபெற்றவனாக மாறவேண்டிய இடம் வந்ததும் பேனா ஓடவில்லை. தாம் வாழ்ந்து அறிந்ததை எழுத முடிந்தது, வாழாததை எழுத முடியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அந்தக் கட்டு மேசையிற் கிடந்தது. 1922இலேதான் நூல் வெளிவந்தது. 1946இல் நோபல் பரிசு. 1951இல் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1962இல் அவர் மறைந்த பிறகே அமெரிக்க இளைஞர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். தமிழில் திருலோக சீதாராம் பெயர்த்தார்.

அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். எழுதியவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. வாசிக்கிறவனோ ஒற்றையைத் திருப்பினாற் போதும்; அடுத்த அத்தியாயம் ஆயத்தமாய் இருக்கிறது. எழுதியவர் விலை கொடுத்துக் கடந்த இடத்தை நாம் பின்னேரத் தேநீர் ஆறுமுன் கடந்துவிடுகிறோம். கடந்துவிட்டோம் என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

இதை நான் பிறரைக் குறைகூறச் சொல்லவில்லை. மெய்யியல் படித்த இரண்டாம் வருடத்தில், விளக்கணைக்கும் மணி அடித்தபின், போர்வைக்குள் டோர்ச் லைற்றை வைத்துக்கொண்டு இந்த நாவலை ஒரே இரவில் வாசித்து முடித்தவன் நான். விடியும்போது என் ஆன்மா அந்தக் கதையில் வரும் ஆற்றைப்போல் அகன்று கிடந்தது. எல்லாரும் ஒன்று, எல்லாம் ஒன்று, எவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. காலைச் சாப்பாட்டு மேசையிலே கிண்ணத்தில் எஞ்சியிருந்த சம்பலை என் பக்கத்திலிருந்தவர் முழுவதும் வழித்துப் போட்டுக்கொண்டார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. ஆறு அந்த மேசையடியிலேயே வற்றிப்போயிற்று.

நல்ல இலக்கியத்துக்கு இப்படியொரு வல்லமை இருக்கிறது. போய்ச் சேர்ந்தவனுடைய மகிழ்ச்சியை, இன்னும் புறப்படாதவனுக்கும் கொஞ்சம் ருசி காட்டுகிறது. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சமைக்கிற வீட்டு வாசனை பொய்யல்ல. வீதியாற் போகிறவனுக்குப் பசியைக் கிளப்பிவிடுகிறது. வாசனையை மூக்கில் ஏற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டதாக ஏப்பம் விடுவதில்தான் பிசகு இருக்கிறது.

இனி, தச்சர் கேட்டபடி, கதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் ஒன்று: நாயகன் பெயர் சித்தார்த்தன் என்றாலும் அவன் புத்த பெருமான் அல்லன், அவர் காலத்தில் வாழ்ந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு பிராமண இளைஞன். துறவிகளோடு காட்டுக்குப் போகத் தகப்பனிடம் உத்தரவு கேட்கிறான். தகப்பன் மறுக்கிறார். மகன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறான். இரவு முழுவதும் தகப்பனுக்கு உறக்கம் இல்லை. நாழிகைக்கு ஒருதரம் எழும்பி வந்து பார்க்கிறார், பிள்ளை அசையவில்லை. விடியற் கருக்கலில் மகனுடைய முழங்கால் மெல்ல நடுங்குவதைக் காண்கிறார். முகத்தில் நடுக்கம் இல்லை. இவன் ஏற்கெனவே என்னைவிட்டுப் போய்விட்டான் என்று விளங்குகிறது. உத்தரவு கொடுக்கிறார். கொடுக்கும்போது ஒரு வேண்டுகோளும் விடுக்கிறார்: காட்டிலே பேரின்பத்தைக் கண்டால் திரும்பி வந்து எனக்கும் கற்றுத்தர வேண்டும், ஏமாற்றமே கண்டாலும் திரும்பி வரவேண்டும், இருவருமாய் முன்போலத் தெய்வங்களுக்கு வழிபாடு செய்வோம். தாயிடம் போய் விடைபெறு என்றும் சொல்லுகிறார்.

மகன் திரும்பி வரவே இல்லை.

அவன் துறவிகளோடு நோன்பிருக்கிறான். புத்தரையே நேரிற் கண்டு, அவருடைய மேன்மையை ஏற்றுக்கொண்டு, ஆனால் ஒளிபெற்ற அந்த நாழிகையில் அவருக்கு நிகழ்ந்ததை எந்தப் போதனையாலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லி விலகுகிறான். கூட வந்த நண்பன் கோவிந்தன் புத்தரோடு தங்கிவிடுகிறான். இவன் நகரத்துக்குப் போய்க் கமலா என்னும் கணிகையிடமும் காமசுவாமி என்னும் வணிகனிடமும் உலகத்தைக் கற்று, பணமும் சூதும் பழகி, வெறுத்து, ஆற்றிலே விழுந்து சாக நினைத்து, கடைசியில் வாசுதேவன் என்ற ஓடக்காரனுக்குத் துணையாளாக அமர்கிறான். நம் இளைஞர்கள் விரும்பி அடிக்கோடிடுவது பெரும்பாலும் இந்தப் பகுதிகளைத்தான். தச்சரின் மகனும் அங்கேதான் அடிக்கோடிட்டிருந்தான். புத்தரிடம் அவன் சொன்ன பேச்சுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

அதற்குப் பின்னால் வருகிற பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. எனக்கோ நூலின் உயிர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. கமலாவுக்குப் பிறந்த தன் மகனை முதன்முறையாக ஆற்றங்கரையில் அவன் காண்கிறான். பாம்பு தீண்டித் தாய் இறந்துவிடுகிறாள். பிள்ளை இவனிடம் வந்து சேருகிறான். செல்லமாய் வளர்ந்த பிள்ளை. குடிசையும் வாழைப்பழமும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஓடக்கூலியாகச் சேர்ந்திருந்த காசையும் எடுத்துக்கொண்டு ஓடத்திலேறி ஓடிவிடுகிறான். தகப்பன் நகரத்து எல்லைவரை பின்னால் ஓடுகிறான், பயனில்லை. அதன்பின், பிள்ளைகளோடு ஆறு கடக்க வருகிற சாதாரண மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். எத்தனை தவம் செய்தவன்! ஒருநாள் ஆற்று நீரிலே குனிந்து பார்க்க, தன் முகம் தன் தகப்பனுடைய முகமாகத் தெரிகிறது. அவரும் இப்படித்தானே நொந்திருப்பார்? மகனைக் காணாமலே தனியாய் இறந்திருப்பார் அல்லவா? அந்த நோவை அவன் வாசுதேவனிடம் ஒன்றும் விடாமற் சொல்லித் தீர்க்கிறான். கிழவன் வாய்திறவாமற் கேட்டிருக்கிறான். (அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது பாவசங்கீர்த்தனத் தொட்டியின் நினைவு எனக்கு வராமலிருந்ததில்லை.) அதன் பிறகுதான் ஆற்றின் ஓசை முழுவதும் அவனுக்குக் கேட்கிறது. ஒளி அங்கேதான் வருகிறது.

கவனியுங்கள். காட்டிலே வரவில்லை. நோன்பிலே வரவில்லை. புத்தர் பெருமானின் முன்னிலையிற் கூட அவனுக்கு வரவில்லை. ஒரு பிள்ளைமேல் வைத்த அன்பு உண்டாக்கிய புண்ணின் வழியாக வருகிறது. தன்னைத் தேடிப் போனவனுக்கு, இன்னொருவனைத் தேடி ஓடியபோதுதான் கண் திறந்தது. ஹெஸ்ஸே தம் மேசையடியிற் காத்திருந்து பெற்றது இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். எனினும் ஓரிடத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. தகப்பன் பட்டதை மகனும் படுவான், அவன் மகனும் படுவான், எல்லாம் சுழன்று வரும் என்று அந்த ஆறு சிரிக்கிறது. ஆற்றுக்குச் சிரிப்பு வரலாம். திரும்பி வந்து எனக்கும் கற்றுத்தா என்று கேட்ட அந்த மனிதருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே!

இனி நம் பக்கத்துக் கதை ஒன்று. புனித அகுஸ்தீனாரும் புத்தகங்களாலே ஆடிப்போனவர். பத்தொன்பதாம் வயதிற் கார்த்தேஜ் நகரிலே சிசரோ எழுதிய 'ஹோர்தென்சியுஸ்' என்னும் நூலை வாசித்தார். ஞானத்தின்மேல் தீராத தாகம் பிடித்துக்கொண்டது. அந்த நூல் இன்று சில துணுக்குகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது; அது மூட்டிய நெருப்பு எஞ்சியிருப்பதோ அகுஸ்தீனாரிடத்தில். அதே சூட்டோடு வேதாகமத்தைத் திறந்து பார்த்தார். சிசரோவின் நடையழகு அதில் இல்லையென்று மூடிவைத்தார். ஒளியைத் தேடினவர் நல்ல நடையைக் கண்டு ஒளி என்று நினைத்தார். என்னுடைய சம்பல் கதையைவிட இது பெரிய கதை. ஆனால் ஒரே வியாதி.

பின்னர் பிளேட்டோ வழியினரின் நூல்கள் கைக்கு வந்தன. அவற்றில் அவர் உண்மையாகவே பெரிய காரியங்களைக் கண்டார். ஆதியிலே இருந்த வார்த்தையைப் பற்றி அவற்றிலே படித்ததாகவும், அந்த வார்த்தை மாமிசமானார் என்பதை மட்டும் அங்கே காணவில்லையென்றும் தம் 'அறிக்கைகள்' நூலிற் சொல்லுகிறார். இலக்கியத்தைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் சொல்லக்கூடியதில் இதைவிட நியாயமான பேச்சை நான் அறியேன். அவற்றை அவர் எரிக்கச் சொல்லவில்லை. தூரத்து மலையிலிருந்து ஊரைக் காட்டின, வழியைக் காட்டவில்லை என்கிறார்.

386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்திலே நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எடுத்துப் படிக்கச் சொல்லுவதுபோல் ஒரு பிள்ளையின் குரல் அயல்வீட்டிலிருந்து கேட்டது, புனித பவுலின் கடிதத்தைத் திறந்து கண்ணிற் பட்ட இடத்தை வாசித்தார், இருள் விலகிற்று. ஆக, அவருக்கும் ஒளி ஒரு நூலின் வழியாகவே வந்தது என்று சொல்லலாம். சொல்லுவோர் இரண்டு காரியங்களை மறந்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்துக்கு முன்னே, துறவிகளுடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு விருந்தாளி சொன்ன கதை. தம்மைத் தாமே வெறுத்து அழுத அழுகை. பல வருடப் போராட்டம். எழுத்து விழுந்த நிலம் உழுது கிடந்தது. இரண்டாவது காரியத்தை நம் பிரசங்கங்களிலே நாங்களும் தவறவிடுகிறோம். வாசித்ததும் அவர் செய்தது என்ன? கூட இருந்த நண்பர் அலிப்பியுசிடம் காட்டினார். நண்பரும் அடுத்த வரியைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு இருவருமாய் உள்ளே போய்த் தாய் மொனிக்கம்மாளிடம் சொன்னார்கள்.

எந்தத் தாயிடம்? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏமாற்றிவிட்டுப் போன தாயிடம். கார்த்தேஜ் துறைமுகத்தில், நண்பர் ஒருவரை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, அந்தம்மா புனித சிப்பிரியானின் ஆலயத்தில் இரவெல்லாம் அழுது மன்றாடிக்கொண்டிருக்க, மகன் கப்பலேறி உரோமைக்குப் போய்விட்டார். விடிய எழும்பிக் கடற்கரையில் நின்ற அந்தத் தாயும், நாழிகைக்கு ஒருதரம் எழும்பி வந்து பார்த்த அந்தப் பிராமணத் தகப்பனும் ஒரே சாதி மனிதர். அகுஸ்தீனார் தாம் செய்ததை மறைக்கவில்லை; எழுதிவைத்தார். 387இல் உயிர்ப்புத் திருநாளில் ஞானஸ்நானம். அதே ஆண்டு ஒஸ்தியாவில், தோட்டத்தைப் பார்த்த ஒரு யன்னலடியிலே தாயும் மகனும் சாய்ந்து நின்று நித்திய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இருவருக்கும் ஒருங்கே ஏதோ கிட்டிற்று. அந்த நேரம் கையிற் புத்தகம் இல்லை. சில நாட்களில் தாய் இறந்துபோனார். எழுத்தறிவிலே மகனுக்கு எட்டாத அந்தப் பெண், மகன் ஏறின உயரத்துக்கு அதே நிமிடத்தில் ஏறினார் என்பதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழவும் வேண்டும். தாயையும் தகப்பனையும் விட்டுவிட்டு வரும்படி நம் ஆண்டவரே கடுமையாகச் சொல்லவில்லையா? சுவாமிமாரும் சகோதரிகளும் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள்தானே? தச்சரின் மகன் செய்ததில் என்ன பிழை? இந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிடத் துணியேன். பத்தொன்பது வயதில் நானும் ஒரு தாயை பஸ் நிலையத்தில் நிற்கவைத்துவிட்டுப் போனவன். போன முதல் வருடங்களில், இரண்டு தத்துவ நூல் படித்த கர்வத்திலே, அவருடைய செபமாலைப் பக்தியை உள்ளூர இளக்காரமாய் நினைத்தவன். பிற்பாடு அவர் நோயிற் கிடந்தபோது, கையிலிருந்த அந்தச் செபமாலையை விட நான் படித்ததில் எதுவும் கனமாய் இருக்கவில்லை. ஆகவே புறப்பட்டுப் போவதே பிழை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். சீமோன் வலைகளை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னே போகிறார். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, ஆண்டவர் சீமோனுடைய வீட்டுக்கே போகிறார். காய்ச்சலாய்க் கிடந்த மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். விட்டு வந்த வீட்டுக்குள்ளே அழைத்தவரே நுழைந்துவிட்டார். ஊதாரிப் பிள்ளைக்குத் தூரதேசத்திற் கிடைத்த ஒளியும், நினைத்துப் பார்த்தால், காவியத்துக்கு ஏற்ற ஒளியன்று: தகப்பன் வீட்டு வேலைக்காரருக்குச் சாப்பாடு இருக்கிறதே என்ற வயிற்றின் நினைப்பு. ஆனாலும் அது அவனை வீட்டு வழியிலே நடக்கவைத்தது. தேடிப் போகிற பிள்ளைக்கு நான் வைக்கக்கூடிய சோதனை இது ஒன்றுதான். நீ கண்டது எதுவானாலும், அதை எடுத்துக்கொண்டு உன்னால் வீட்டுப் படலையைத் திறக்க முடியுமா? திறக்க இன்னும் முடியவில்லையென்றால், அந்தத் தாகம் பொய்யென்று நான் சொல்லவில்லை. தம்பி, நீ பாதி வழியில் நிற்கிறாய் என்று மட்டும் சொல்லுவேன்.

இதை அந்தப் பெடியனிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. இதுவரை எழுதாமல் ஒத்திப்போட்டதை இப்போது எழுதத்தான் வேண்டும். அவன் அறைவீட்டுக்கு மூன்று பின்னேரங்கள் வந்தான். செபிக்கும்போது ஒருவரும் கேட்பதாகத் தோன்றவில்லை என்றான். பூசை வெறும் பழக்கமாகிவிட்டது என்றான். முதல்நாள் அரைமணி நேரம் கேட்டேன். இரண்டாம் நாள் பங்குச் சபைக் கூட்டம். மூன்றாம் நாள் பத்திரிகை அச்சுக்குப் போகிற நாள்; படிவங்கள் மேசையிற் குவிந்து கிடந்தன. அலுமாரியைத் திறந்து இந்த நாவலை எடுத்து, "இதை வாசியும் தம்பி, எல்லாம் விளங்கும்" என்று கையிற் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் ஒரு வாசுதேவனைத் தேடி வந்தான். நான் அவனுக்கு வாசுதேவனைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கொடுத்தேன்.

தச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நானும் அவனோட கதைச்சுக் கனகாலம், சுவாமி. வேலை, வேலை எண்டு திரிஞ்சிட்டன்" என்றார். பிறகு, அந்தப் புத்தகத்தைத் தமக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அப்படித்தான் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சுத் தமிழிற் சொல்லுவேன். அவர் சீவுளி தள்ளிக்கொண்டே கேட்பார். கணிகை வீட்டுப் பகுதியை நான் சுருக்கப் பார்த்தபோது, "விடாமல் வாசியுங்கோ சுவாமி, அவன் வாசிச்சதுதானே" என்றார். தகப்பன் இரவிரவாக எழும்பி வந்து பார்த்த இடத்தில் சீவுளி நின்றுவிட்டது.

"அந்த மனிசன் சொன்னபடி பெடியன் திரும்பிப் போனவனோ?"

"இல்லை, ஐயா."

"ஒரு கடிதமும் போடேல்லையோ?"

"கதையில் அப்படி இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தாள் கடைசி மட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேலையைத் தொடங்கினார். ஆற்றிலே தகப்பனுடைய முகம் தெரிகிற அத்தியாயத்துக்கு நாங்கள் வந்துசேர உயிர்ப்புத் திருநாளும் கழிந்து மூன்று வாரமாகிவிட்டது. அந்தப் பக்கத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை, பென்சிலை என்னிடம் நீட்டி, அந்த இடத்திற்குக் கோடு போட்டுத் தரச் சொன்னார். அவர் காதில் எப்போதும் செருகியிருக்கிற தச்சுப் பென்சில். கோடு தடிப்பாக விழுந்தது.

மகனிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. சுகமாய் இருக்கிறானாம், காலையில் விறகு கொத்துகிற வேலை கொடுத்திருக்கிறார்களாம், உளி பிடித்த கை என்று அங்கே மெச்சினார்களாம். வருகிற நாளைப் பற்றி ஒன்றும் இல்லை. புத்தகம் இன்னும் தச்சரிடத்தில் இருக்கிறது. நாட்காட்டித் தாளில் மறுபடி சுற்றி, பட்டறை இறாக்கையில் உளிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.